பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும், பாருங்க

“காலையிலதான் பாத்தேன், இன்வெர்ட்டர்ல அஞ்சு கட்டமும் எரிஞ்சுது. கரண்ட் போச்சு, கூடவே உங்க பேட்டரியும் போச்சு ஜெயந்தி. நான் குளிச்சிக்கிட்டு இருந்தேன். அந்தோணி டம்ளரை ஸ்பூனால தட்டித் தட்டிக் கூப்பிட்டிருக்காரு. தண்ணி விழுற சத்தத்துல எனக்குக் கேக்கல. கேக்கலன்னு சொல்றேன், புரியுதா உங்களுக்கு?”

பிலோமினா டீச்சர் எங்கள் கடை மேசை மேல் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றிக்கொண்டு இதைச் சொன்னார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டி பில் புக் நனைந்தது. ஆயுதபூஜை முடிந்து வந்த சனிக்கிழமை அது, காலை பத்து மணி. நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். யோசித்துச் சொல்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது.

“பேட்டரி தானா நிக்காது டீச்சர். வீட்டுல யாரோ கையை வெச்சிருக்கீங்க.”

“வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு. ஒருத்தர் கட்டிலை விட்டு எறங்கினாலே மூச்சு வாங்குது. இன்னொருத்தி நானு. யார் கையைச் சொல்றீங்க?”

இன்வெர்ட்டர் பேட்டரித் தொழிலை ஒரு வரியில் சொல்லவேண்டுமென்றால் இதுதான்: கரண்ட் இருக்கும்வரை கடைக்காரன் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது, போன அடுத்த நிமிஷம் அவன் வீட்டு நம்பர் வரை ஞாபகம் வரும். கடை எங்கள் வீட்டுக்காரருடையது. ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. அவரும் மெக்கானிக் ரஃபீக் பாயும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். நான் குடும்பத் தலைவி. அதாவது சமைத்துக்கொண்டே ஃபோன் எடுப்பவள். கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் சிஸ்டர்கள் எனக்கு இங்கிலீஷும், நிமிர்ந்து உட்காரவும், பொறுமையும் கற்றுக்கொடுத்தார்கள். முதல் இரண்டும் ஏறிவிட்டன. வீட்டுக்காரர் கடைக்கு ஃபோன் எடுக்கும் பெண்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்லாமலே பாதி புரிந்துவிடும்.

என்னிடம் மூன்று பதில்கள் உண்டு. ஒன்று, “பிளக் பாயின்ட் ஆன்ல இருக்கா பாருங்க.” இரண்டு, “பேட்டரிக்குத் தண்ணி ஊத்தி எத்தனை மாசம் ஆச்சு?” மூன்று, “பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும், பாருங்க. டியூபுலர்னு எழுதின பக்கம் தள்ளுங்க.” டியூபுலர் என்பது பெரிய ஆசிட் பேட்டரி ரகம்; அந்தப் பக்கம் தள்ளினால் இன்வெர்ட்டர் சார்ஜை வேகமாக ஏற்றும். இந்த மூன்றை வைத்துக்கொண்டே பல வருஷமாக இந்த வட்டாரத்துக்கு வெளிச்சம் கொடுத்து வந்தேன். அப்புறம் லித்தியம் வந்தது.

லித்தியம் நல்ல சாமான்தான். பழைய ஆசிட் பேட்டரி பிணம் கனம் கனக்கும், வாடை அடிக்கும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை தண்ணீர் கேட்கும். லித்தியத்துக்கு இதெல்லாம் கிடையாது. ஆனால் வீட்டுக்கு வீடு இருக்கிற இன்வெர்ட்டர், ஆசிட் பேட்டரியை மனதில் வைத்துச் செய்தது. எவ்வளவு வேகமாக சார்ஜைத் தள்ளுவது, எப்போது நிறுத்துவது, எப்போது கத்துவது எல்லாமே அந்தப் பழைய கணக்கு. ஜனங்களோ பேட்டரியை மட்டும் மாற்றுவார்கள். இன்வெர்ட்டரையும் மாற்றுங்கள் என்றால், “அது நல்லாத்தானே ஓடுது” என்பார்கள். டீச்சரும் அப்படித்தான். அவர் கணவர் அந்தோணி சாருக்கு நுரையீரல் கெட்டு இரண்டு வருஷமாகிறது. ஹாலில் கட்டில், பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின், அதை ஒட்டி இன்வெர்ட்டர். ஆசிட் வாடை அவருக்கு ஆகாது என்றுதான் மூன்று மாதம் முன்பு லித்தியம் வைத்தோம். ரஃபீக் பாய் எல்லாம் பார்த்து, இரண்டுக்கும் ஒத்துவரும்படி வைத்துவிட்டுத்தான் வந்தார்.

டீச்சர் கிளம்பும்போது கரண்ட் ஆபீஸ்காரர்களின் அறிவிப்பை ஃபோனில் காட்டினார். வியாழக்கிழமை காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை கரண்ட் இருக்காது. “எனக்கு அன்னிக்கு எக்ஸாம் டியூட்டி. லீவ் கேட்டா கொடுக்க மாட்டாங்க. கையில இருக்கிற சிலிண்டர் ஒரு மணி நேரம் வரும். மிச்சம் மூணு மணி நேரம் அவரு எப்படி மூச்சு விடுறதுன்னு மட்டும் சொல்லுங்க ஜெயந்தி.”

கட்டம் பொய் சொல்லும்

ஞாயிற்றுக்கிழமை. ஓல்ட் மெட்ராஸ் ரோடு அபார்ட்மென்டிலிருந்து ஓர் ஐ.டி.காரர். வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கிறது. இரண்டு மணி நேரம் லித்தியம் ஜம்மென்று ஓடியிருக்கிறது. இன்வெர்ட்டரில் அஞ்சு கட்டம். அப்புறமும் அஞ்சு கட்டம். அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒரு பீப் கூட அடிக்காமல் எல்லாம் அணைந்துவிட்டது. அமெரிக்காக்காரன் இவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார் என்று நினைத்துவிட்டானாம்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு விளக்கினேன். ஆசிட் பேட்டரி என் மாமியார் மாதிரி. தீர்ந்துபோவதற்கு அரை மணி முன்பே முடியலை, முடியலை என்று முனக ஆரம்பித்துவிடும். வோல்ட்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இன்வெர்ட்டர் அதைப் பார்த்துக் கட்டத்தை ஒவ்வொன்றாக அணைக்கும், கடைசியில் பீப் அடிக்கும். லித்தியம் எங்கள் வீட்டுக்காரர் மாதிரி. “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்று கடைசிவரை ஒரே முகத்தோடு இருந்துவிட்டு, தடாலென்று படுத்துவிடும். பழைய இன்வெர்ட்டருக்கு முகத்தைத்தான் பார்க்கத் தெரியும். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று அதற்குத் தெரியாது. தனியாக ஒரு மீட்டர் மாட்டிக்கொள்ளுங்கள், அது எண்ணிச் சொல்லும் என்றேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இல்ல மேடம், எனக்கு ஒண்ணு புரியல. உள்ளங்கையில இருக்கற ஃபோன் எழுபத்தி மூணு பர்சன்ட்னு கரெக்டா சொல்லுது. இவ்ளோ பெரிய டப்பா, அதுக்குத் தன் வயித்துல என்ன இருக்குன்னு தெரியாதா?”

தண்ணி கேட்காத பேட்டரி

டீச்சர் வீட்டிலும் இதே கதையா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். இல்லை. ஐ.டி.காரருக்கு இரண்டு மணி நேரம் ஓடி நின்றது. டீச்சர் வீட்டில் கரண்ட் போன அந்த நிமிஷமே நின்றது. திங்கட்கிழமை ரஃபீக் பாய் போய் பேட்டரி வயரைக் கழற்றி, அளந்து, மறுபடி மாட்டி, மெயினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆக்ஸிஜன் மெஷினை ஓட்டிப் பார்த்தார். ஓடியது. “பேட்டரி குதிரை மாதிரி இருக்கு பாபி” என்று வந்து சொன்னார். நான் அவருக்கு அண்ணி முறை, அதுதான் பாபி. நின்றால் காரணம் தேடலாம். பார்க்கப் போனால் ஓடுகிற சாமானை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் பக்கத்துத் தெரு சரோஜம்மா வந்தார். கன்னடக்காரர். என்னோடு தமிழையும் கன்னடத்தையும் கலந்து பேசுவார். லித்தியம் வாங்கி நாலு மாதமாகிறது, தண்ணீர் ஊற்ற ஆளே வரவில்லை என்று புகார். இதுக்குத் தண்ணீர் வேண்டாம் என்றேன். “அதக்கே நீரு பேட்வா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். சர்வீஸ் செய்யச் சோம்பல்பட்டு நான் பொய் சொல்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். விஷயம் அதோடு நிற்கவில்லை. ஆயுதபூஜையன்று இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, பூ சுற்றி, டெர்மினலுக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து, பாவம் நாலு மாதமாகத் தாகமாக இருக்குமே என்று ஒரு சொம்பு தண்ணீரை மேலே ஊற்றியிருக்கிறார். அன்றிலிருந்து விளக்கு எரியவில்லை. ரஃபீக் பாய் போய்த் துணியால் துடைத்து, காயவைத்து, எலுமிச்சம்பழத்தை மரியாதையாக எடுத்து சரோஜம்மா கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார் அந்த அம்மா: “நம்ம பழசு எவ்ளோ ஒள்ளேது, எவ்ளோ நல்லது! மூணு மாசத்துக்கு ஒரு தடவை குடிச்சிட்டு சும்னே இருந்துது. இது குடிக்கவும் மாட்டேங்குது, குடுத்தா கோவிச்சிக்குது!”

யார் முதலில் கூப்பிடுவது

செவ்வாய்க்கிழமை ஒக்கலிபுரத்திலிருந்து கோவிந்தராஜ் என்கிற ரிட்டயர்ட் ஆசாமி. மழையில் மரம் விழுந்து ஒரு பகல் முழுக்க அவர்கள் தெருவில் கரண்ட் இல்லை. லித்தியம் கடைசிச் சொட்டு வரை கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டது. பிறகு கரண்ட் வந்தது. ஆனால் பேட்டரி ஏறவில்லை. இரண்டு நாளாக ஏறவில்லை. “பிளக் பாயின்ட் ஆன்ல இருக்கா பாருங்க” என்று என் முதல் பதிலை எடுத்துவிட்டேன். அந்த மனிதர் நாற்பது வருஷம் ஆபீஸில் பிறரைத் திட்டிச் சேர்த்து வைத்த இங்கிலீஷையெல்லாம் என் மேல் கொட்டினார். எனக்கும் இங்கிலீஷ் தெரியும் என்பதை அடுத்த இரண்டு நிமிஷத்தில் தெரிந்துகொண்டார்.

ரஃபீக் பாய் போனார். நான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். “சார், லித்தியம் ரொம்ப காலியானா, கெட்டுப்போகாம இருக்க உள்ள இருக்கற போர்டு கதவைச் சாத்திட்டு தூங்கிடும். வெளியில இருந்து சார்ஜ் வந்து தட்டினாத்தான் முழிக்கும். உங்க பழைய இன்வெர்ட்டர் என்னா செய்யுது? எதிர்ல பேட்டரி இருக்கான்னு பாக்குது. பேட்டரி தெரிஞ்சாத்தான் சார்ஜ் கொடுக்கும். இது அதைப் பாத்துக்கிட்டு, அது இதைப் பாத்துக்கிட்டு.” கையடக்க சார்ஜர் ஒன்றை மாட்டி ஐந்து நிமிஷம் தட்டினார். பேட்டரி முழித்தது, இன்வெர்ட்டர் அதைப் பார்த்தது, சார்ஜ் ஏற ஆரம்பித்தது. கோவிந்தராஜ் மனைவியின் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது: “ஐயோ, இது நம்ம மைசூர் சம்பந்தி கதையில்ல! அவங்க கூப்பிடட்டும்னு நாம, நாம கூப்பிடட்டும்னு அவங்க. பாய், இந்தச் சின்ன சார்ஜரை எங்க வீட்டு ஃபோன்லயும் மாட்டிட்டுப் போங்க!”

மச்சான் கட்டிய பேட்டரி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீச்சரிடமிருந்து ஃபோன். ஐந்தே நிமிஷம் கரண்ட் போயிருக்கிறது, மெஷின் மறுபடி நின்றுவிட்டது. இந்த முறை டீச்சர் பக்கத்திலேயே இருந்ததால் உடனே சிலிண்டரைத் திறந்துவிட்டார். கத்தவில்லை. “இன்னும் ஒரு நாள்தான் இருக்கு ஜெயந்தி” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் எப்போதும் போல, “பாக்கலாம்” என்றார். அந்த வார்த்தையை எந்த ஸ்கூலில் கற்றுக்கொடுத்தார்களோ, அதை இழுத்து மூட வேண்டும்.

புதன்கிழமை காலை ஆனேக்கல்லிலிருந்து ஒருவர் பையில் ஒரு பேட்டரியோடு வந்து இறங்கினார். ஓசூரில் இருக்கும் அவர் மச்சான், உடைந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டரிலிருந்து செல்களை எடுத்துக் கட்டிக்கொடுத்தது. லித்தியம்தானே, எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டிக்கொடுங்கள் என்றார். லித்தியம் என்றால் எல்லாம் ஒரே லித்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு நாங்கள் வைப்பது இரும்பு பாஸ்பேட் ரகம். அதில் நாலு செல் கோத்தால் பழைய பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும். ஸ்கூட்டர் ரகம் வேறு. மூன்று செல் கோத்தால் போதாது, நாலு கோத்தால் தாங்காது. மச்சான் மூன்று கோத்திருந்தார். ஆசிட் பேட்டரிக்குத் தள்ளுகிற வேகத்தில் இன்வெர்ட்டர் இதற்குத் தள்ளினால் வீங்கும், சூடாகும், அப்புறம் பேப்பரில் வரும்.

ரஃபீக் பாய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். உள்ளே காவலுக்கு இருக்கவேண்டிய போர்டே இல்லை. வந்தவர் பெருமையாகச் சொன்னார்: “அது இருந்தாத்தான் தொல்லைன்னு மச்சான் கழட்டிட்டான் பாய். சும்மா சும்மா சாத்திக்குது. இப்போ நிக்காம ஓடும்.” நான் வாயைத் திறப்பதற்குள் ரஃபீக் பாய் பையின் ஜிப்பை மூடி அவர் கையில் கொடுத்தார். “நக்கோ சார், வேணாம். சும்மா சும்மா எந்த போர்டும் சாத்திக்காது. எவனோ வெளியில இருந்து ஜாஸ்தியா தள்ளுறான், அதான் சாத்திக்குது. இதை மாட்டினா நிக்காம ஓடப்போறது பேட்டரி இல்ல, நீங்க. வாசல் எந்தப் பக்கம்னு இப்பவே பாத்து வெச்சுக்கங்க.”

ஸ்பூன் காம்பு

அவர் போனதும் ரஃபீக் பாய் அப்படியே நின்றார். தான் சொன்னதையே யோசிக்கிறார் என்று தெரிந்தது. “பாபி, டீச்சர் வீட்லயும் எவனோ ஜாஸ்தியா தள்ளுறான்” என்றார். பன்னிரண்டு மணிக்கு நானும் கூடப் போனேன். டீச்சர் ஸ்கூலில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் திறந்துவிட்டுப் போனாள். அந்தோணி சார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் ட்யூப், கை எட்டுகிற தூரத்தில் டம்ளர், அதன் மேல் ஸ்பூன்.

ரஃபீக் பாய் மீட்டரை வைத்தார். சார்ஜ் ஆகும்போது வோல்ட்டேஜ் ஏறிக்கொண்டே போனது, லித்தியம் தாங்குகிற எல்லையைத் தாண்டியது. உடனே பேட்டரி கதவைச் சாத்திக்கொண்டது. எங்கள் மாடலில் சாத்தினால் கரண்ட் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. இன்வெர்ட்டருக்கு அது தெரியவில்லை. தான் தள்ளுகிற வோல்ட்டேஜைத் தானே பார்த்து, ஆகா ஃபுல் என்று அஞ்சு கட்டத்தையும் எரிய வைத்துக்கொண்டு நின்றது. அந்த நேரம் கரண்ட் போனால் அவ்வளவுதான். திங்கட்கிழமை வயரைக் கழற்றி மாட்டியதில் கதவு திறந்திருக்கிறது, அதனால் குதிரை மாதிரி ஓடியிருக்கிறது.

ரஃபீக் பாய் குனிந்து இன்வெர்ட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தார். “நான் சீல் பேட்டரி பக்கம்தானே வெச்சேன். அதுலதான் மெதுவா தள்ளும். இது டியூபுலர்ல இருக்கு. யாரு தொட்டது?”

எனக்கு ஒரு மாதம் முன்பு வந்த ஃபோன் ஒன்று ஞாபகம் வந்தது. ஆண் குரல். சார்ஜ் ஏற ரொம்ப நேரம் ஆகிறது என்றது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. யாரோ மாடிப்படி ஏறிக்கொண்டே பேசுகிறார் என்று நினைத்தேன். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. யார் பேசுவது என்று கேட்கவில்லை. எந்த பேட்டரி என்றும் கேட்கவில்லை. என் மூன்றாவது பதிலைச் சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தோணி சார் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “கடையில சொன்னாங்க. நான்தான் தள்ளினேன். கை எட்டல, இந்த ஸ்பூன் காம்பாலதான். ரெண்டு வருஷத்துல யாரையும் கூப்பிடாம நானே செஞ்ச ஒரே வேலை ஜெயந்திம்மா அது. நல்லாத்தான் செஞ்சேன்னு நெனச்சேன்.”

அஞ்சு கட்டம், நாலே முக்கால் மணி நேரம்

ரஃபீக் பாய் சுவிட்சைப் பழைய இடத்துக்குத் தள்ளி, அதன் மேல் டேப் ஒட்டினார். சாயங்காலம் வரை இருந்து, நாலு முறை மெயினை அணைத்துப் பார்த்தார். நாலு முறையும் ஓடியது. இருந்தாலும் வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு, ஒரு கட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு நான் டீச்சர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த டீச்சர் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். ரஃபீக் பாய் அனுப்பினார் என்றேன். அவர் அனுப்பவில்லை.

பத்து மணிக்குச் சொன்னவர்கள் ஒன்பது ஐம்பதுக்கே கரண்ட்டைப் பிடுங்கினார்கள். ஃபேன் நின்றது. ஆக்ஸிஜன் மெஷின் ஒரு கணம் தயங்கியது. என் கையிலிருந்த கீரைத்தண்டு அப்படியே நின்றது. பிறகு மெஷின் புஸ், புஸ் என்று தொடர்ந்தது. இன்வெர்ட்டரில் அஞ்சு கட்டம். பதினொன்றுக்கு அஞ்சு. பன்னிரண்டுக்கு அஞ்சு. ஒழுங்காக ஓடும்போதும் அஞ்சு, கழுத்தறுக்கும்போதும் அஞ்சு. அந்தப் பச்சை விளக்கை ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. கீரையை ஆய்ந்து முடித்து, ஆய்ந்ததையே மறுபடி ஆய்ந்தேன். அந்தோணி சார் கண்ணை மூடிக்கொண்டு, “நீங்க அதைப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க. நான் நின்னா சொல்றேன்” என்றார். அவருக்கு நகைச்சுவை வேறு.

ஒரு மணிக்கு ஹாலில் கீ கீ என்று ஒரு சத்தம். நான் எழுந்த வேகத்தில் கீரை முழுவதும் தரையில். பார்த்தால் என் ஃபோன். சரோஜம்மா. லித்தியத்துக்குத் தண்ணீர் வேண்டாம் சரி, கொஞ்சம் மோராவது என்று கேட்டார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அந்தோணி சார் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, நான் பயந்து, அவர் கையைக் காட்டி ஒன்றுமில்லை என்று சொல்லி, ஒரு வழியாக அடங்கியது. இரண்டு மணிக்கு வரவேண்டிய கரண்ட் இரண்டு முப்பத்தைந்துக்கு வந்தது. நாலே முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது பேட்டரி. நான் போய் அந்தக் கறுப்புப் பெட்டியின் தலையைத் தட்டிக்கொடுத்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். அந்தோணி சார் சொன்னார்: “சுவிட்ச் விஷயம் பிலோமினாகிட்ட வேண்டாம். அப்புறம் என் ஸ்பூனைப் புடுங்கிடுவா.”

நூறு தடவை

கான்வென்டில் படித்த பெண்ணுக்கு ஒரு வியாதி உண்டு. தப்பு செய்தால் சொல்லாமல் இருக்க முடியாது. டீச்சர் மூன்றரைக்கு வந்தார். கைப்பையைக் கூட இறக்கவில்லை, நேராகப் போய் அவர் விரல் நகத்தின் நிறத்தைப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். ஸ்பூனை மட்டும் விட்டுவிட்டேன். கடையிலிருந்து சொன்னதைக் கேட்டுத்தான் சுவிட்ச் இடம் மாறியது, சொன்னது நான், கேள்வி கேட்காமல் சொன்னேன், சனிக்கிழமை உங்களைக் குற்றம் சொன்னதும் தப்பு என்றேன். சொல்லி முடித்ததும், சின்ன வயதில் பிரின்சிபல் ரூமில் நின்ற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

டீச்சர் அந்தோணி சாரின் தலையணையைச் சரிசெய்தார். ஸ்பூனை எடுத்துப் பார்த்தார், காம்பு வளைந்திருந்ததைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், டம்ளர் மேல் இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, முப்பது வருஷமாகக் குழந்தைகளிடம் பேசுகிற குரலில் சொன்னார்: “ஃபோன் எடுத்த உடனே ‘யாரு பேசுறீங்க, என்ன பேட்டரி’ன்னு கேக்கணும். நூறு தடவை எழுதி, நாளைக்குக் கொண்டாந்து காட்டுங்க ஜெயந்தி.”

எழுதினேன். நோட்டுப் புத்தகத்தில், மார்ஜின் போட்டு. எங்கள் வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டே பார்த்துவிட்டுப் போனார். ஒரு வரியை வெட்டி ஃபோன் பக்கத்தில் ஒட்டியும் வைத்திருக்கிறேன்.

ஆனால் எண்பதாவது வரி எழுதும்போது ஒன்று உறைத்தது. அந்தோணி சார் ஒருத்தருக்குத்தானா அந்தப் பதிலைச் சொன்னேன்? லித்தியம் வந்ததிலிருந்து எத்தனை பேருக்குச் சொன்னேனோ, அதில் யார் யார் தள்ளினார்களோ, எந்த வீட்டில் யார் எதை நம்பிப் படுத்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. அன்றே எங்கள் கஸ்டமர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: “லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். இன்வெர்ட்டருக்குப் பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். நீங்களாகத் தள்ள வேண்டாம்.” படித்துவிட்டார்கள் என்கிற நீலக் கோடு இரண்டிரண்டாக விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு பேர் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னார்கள். சரோஜம்மா ஆயுதபூஜை போட்டோ அனுப்பினார், முன்பக்கம், எலுமிச்சம்பழத்தோடு.

ஆசிட் பேட்டரிக்காகச் செய்த இன்வெர்ட்டரைக்கூட லித்தியத்தோடு ஒத்துப்போக வைத்துவிடலாம், ஆசிட் பேட்டரிக் காலத்தில் பழகிய என் வாயை ஒத்துப்போக வைப்பதுதான் பெரும்பாடு. இன்று காலை மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்: “பின்பக்கத்து போட்டோ. ஒன்றே ஒன்று. யாராவது அனுப்புங்கள், ப்ளீஸ்.”